பால்காரர் பேசிய வரி

காலாங் பாருவில் ஐந்தாம் மாடி.
பல் கிட்டிப்போகும் குளிர்சாதன அறை.
எழுபது வயதுப் படச்சுருளைத் துடைத்து, உலர்த்தி,
கணினிக்குள் ஏற்றிவிட்டார்கள்.
வசனவரி போடுவது என் வேலை.
ஒரு வரிக்கு முப்பத்தேழு எழுத்து,
அதற்குமேல் திரை தாங்காது.

கதை என்று பெரிதாய் ஒன்றுமில்லை.
மூன்று சோம்பேறிகள், ஒரு சைக்கிள்,
வாடகை கேட்கும் ஒரு வீட்டுக்காரி,
ஓடிப்போன ஒரு கோழி.
கோழிக்குப் பின்னால் கம்போங்கே ஓடுகிறது.
துணிக்கொடி அறுகிறது,
பப்பாளி யார் தலையிலோ உடைகிறது.
சீனக் கடைக்காரர் வருகிறார்:
மலாய் நடிகர்தான்,
கண்ணோரங்களை ஒட்டுத்தாள் போட்டு இழுத்திருக்கிறார்கள்.
சீக்கியக் காவற்காரர் வருகிறார்:
முகத்துக் கரி கழுத்தோடு நின்றுவிட்டது,
தாடி ஒரு பக்கமாய்த் தொங்குகிறது.
ஸுலைக்கா படத்தை நிறுத்தினாள்.
"எங்க ஆளுங்க செஞ்சது" என்றாள்.
பெருமையா மன்னிப்பா என்று கேட்டேன்.
தாடி விழும் இடத்தை
இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

நாற்பத்தோராம் நிமிடத்தில் பால்காரர்.
இவர் முகத்தில் கரி இல்லை,
தேவைப்படவில்லை.
பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை.
பசு இருக்கிறது: மெலாத்தி.
மெலாத்தி கயிற்றை இழுக்கிறது,
பால் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம்,
அவர் சாக்கடையில்.
எழுகிறார், வேட்டியைப் பிழிகிறார்,
கேமராவுக்குச் சற்று வலப்பக்கமாய்ப் பார்த்து
என்னவோ சொல்கிறார்.
கம்போங் சிரிக்கிறது.

பழைய வசனத்தாளில் அந்த இடத்தில்
"பால்காரன் ஏதோ உளறுகிறான்."

காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.
ஏழு தடவை.
சொட்டும் தண்ணீருக்கும் சிரிப்புக்கும் நடுவில்
தஞ்சாவூர்ப் பக்கத்து இழுவையில் வந்தது:

'நாலாவது வாட்டி விழறேன்டா. முட்டி பேந்துபோச்சு.
முந்தாநேத்துக் கூலியே இன்னும் வரல.'

உளறல்தான் போல.
கணக்கு மட்டும் சுத்தமாய் இருந்தது.

போன வருஷம் ஒரு காப்புறுதி விளம்பரத்துக்கு
ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருந்தேன்.
"இன்னும் கொஞ்சம் தலையை ஆட்டுங்க, ஆன்ட்டி."
எனக்கு முப்பத்திரண்டு வயது.
ஆட்டினேன்.
மின்தூக்கியில் இறங்கும்போது நான் சொன்னதை
யாரும் படம் பிடிக்கவில்லை.

ஆங்கிலத்துக்கு முட்டி வந்தது, கூலி வந்தது.
'டா' வர மறுத்தது.
மேலாளர் கோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"இது பாத்திரம் பேசுவதா, நடிகர் பேசுவதா?
நடிகர் பேசினால் போடக்கூடாது, விதி."
"பட்டியலில் நடிகரே இல்லையே, மிஸ்டர் கோ.
அப்போது பாத்திரம்தான் பேச வேண்டும்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சரி என்று சொல்லவில்லை,
கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமைத் திரையிடல், பாதி அரங்கம்.
கோழிக்குச் சிரித்தார்கள்.
ஒட்டுத்தாள் கண்ணுக்குச் சிலர் இருமினார்கள்.
தாடிக்கு ஒரு பாட்டம் கைதட்டல்,
ஸுலைக்கா தொடங்கி வைத்தது.
பால்காரர் விழுந்தார். வெடிச்சிரிப்பு.
கீழே என் வரி வந்தது,
இரண்டரை விநாடி.
சிரிப்பில் பாதி அங்கேயே நின்றது.
மீதிப் பாதி இன்னும் பெரிதானது.
யார் எந்தப் பாதி என்று
இருட்டில் தெரியவில்லை.
முன்வரிசையில் யாரோ ஒருவர்
முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நானும் சிரித்தேன், ஒளிப்பானேன்.
என்னமாய் விழுகிறார் அந்த மனிதர்!
கால் முதலில், பிறகு இடுப்பு,
கடைசியில், நம்பவே முடியாமல், அந்த முகம்.
நாலாவது வாட்டி என்று
அவரே சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்.